முட்டுக்கட்டை அவர்களுக்குள், சம்பளமில்லாத மாதம் நமக்கு

(சென்னை மயிலாப்பூரில் 2025 நவம்பர் கடைசி வாரத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் விட்டுப்போன ஓரிரு விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



இந்த மாதம் 12ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு விவகாரம் முடிவுக்கு வந்தது. அக்டோபர் 1 தொடங்கி 43 நாட்கள் அந்த நாட்டின் ஒன்றிய அரசு பூட்டிக்கிடந்தது. நிதி ஒதுக்கீட்டு மசோதாவை இரண்டு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றவில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கான மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. முதலில் அரசைத் திறப்போம், பிறகு பேசுவோம் என்றது இன்னொரு கட்சி. அதற்குள் ஏறத்தாழ ஏழு லட்சம் அரசு ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கிட்டத்தட்ட அதே அளவு பேர் 'அத்தியாவசியப் பணியாளர்கள்' என்று சொல்லப்பட்டு, சம்பளம் இல்லாமலேயே வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். விமானங்களைத் தரையிறக்குகிறவர்கள் சம்பளமில்லாமல் தரையிறக்கினார்கள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு அங்கே 'ஃபர்லோ' என்று பெயர். வேலை போகாது, சம்பளமும் வராது. நம் ஊரில் இந்தச் சொல் சிறைத்துறையில்தான் புழங்குகிறது. தண்டனைக் கைதிக்குக் கொடுக்கும் விடுப்பு அது. கைதிக்குக் கிடைத்தால் சலுகை, ஊழியருக்குக் கிடைத்தால் தண்டனை!

சரி, அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு? ஒரே ஒரு விவரத்துக்காகச் சொல்கிறேன். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்கள் இதேபோல் பூட்டியபோது, 2019இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. இப்படி நிறுத்திவைக்கப்பட்ட நாட்களுக்கான சம்பளத்தை, அரசு திறந்த பிறகு ஊழியர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்கிற சட்டம். ஆனால் அது நேரடி அரசு ஊழியர்களுக்கு மட்டும்தான். அதே அலுவலகங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், வாசலில் நிற்கும் காவலாளிகள், கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லாம் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். அவர்களுக்கு அந்த 43 நாட்கள் போனது போனதுதான். அவர்களில் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் எவ்வளவு பேர் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

அரசுகள் முட்டிக்கொள்ளும்போது யாருடைய சம்பளம் நிற்கிறது, யாருடைய சம்பளம் நிற்பதில்லை? இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். இதற்கு வாஷிங்டன் வரை போக வேண்டாம். இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிற நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் போனால் போதும்.

அங்கே டி.பி.ஐ. வளாகம் இருக்கிறது. இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம். போராடப் போகிறவர்களுக்கு இன்னும் டி.பி.ஐ.தான். சமக்ர சிக்ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மாநில அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை ஒன்றாக்கி 2018இல் கொண்டுவந்த திட்டம் இது. செலவில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள், வட்டார வள மையங்களில் கணினி வேலை, கணக்கு வேலை பார்ப்பவர்கள், பகுதிநேர ஆசிரியர்கள் என்று ஒரு பெரும் கூட்டம் இந்தத் திட்டத்தின் பணத்தில் வாழ்கிறது. தொகுப்பூதியம், பணி நிரந்தரம் கிடையாது.

2024இல் என்ன நடந்தது? பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்டால் 2020 தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்றுக்கொண்டதாகும். அதற்காக, அதனோடு நேரடித் தொடர்பு இல்லாத சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அந்த ஆண்டுக்கு வர வேண்டிய பங்கு 2,152 கோடி ரூபாய். முதல் தவணை 573 கோடியே வரவில்லை. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், செப்டம்பர் 27 அன்று தில்லியில் நேரில் பார்த்தும் கேட்டார். அந்த மாதச் சம்பளம் திட்டப் பணியாளர்களுக்கு உரிய நாளில் வரவில்லை. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு, அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் பிரிவின் கீழ், வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேசி முடித்த பிறகு யாராவது என்னை வேறு பக்கம் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதது சரி. கல்வி நிதியைக் காட்டி ஒரு மாநிலத்தின் மொழிக் கொள்கையை வளைக்கப் பார்ப்பது மிரட்டல். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து முதல் தலைமுறைப் பிள்ளைகளை வடிகட்டக்கூடிய ஒரு கொள்கைக்கு எதிராக நாம் தெருவில் நின்றிருக்கிறோம். இனியும் நிற்போம்.

ஆனால் நிலைப்பாடு என்றால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கட்டினார்கள்? நிலைப்பாடு எடுத்த அமைச்சரின் சம்பளம் நின்றதா? கோப்பு எழுதிய செயலாளரின் சம்பளம் நின்றதா? கருவூலத்திலிருந்து நேரடியாகச் சம்பளம் வாங்குகிற நிரந்தர ஆசிரியரின் சம்பளம் நின்றதா? திட்டக் கணக்கில் இருந்தவர்களின் சம்பளம்தான் நின்றது. தில்லியோடு மோதுவது கோட்டையில் இருப்பவர்கள். மளிகைக் கடைக்காரரிடம் இன்னும் பத்து நாள் தவணை கேட்டது, யாரும் கருத்துக் கேட்காத ஒரு வட்டார வள மைய ஊழியர்.

உச்ச நீதிமன்ற வழக்கு மனுவில் தமிழ்நாடு அரசு ஒரு கணக்குச் சொல்கிறது. நிதி வராததால் சுமார் 44 லட்சம் மாணவர்களும், 2.2 லட்சம் ஆசிரியர்களும், 32,000க்கும் மேற்பட்ட பணியாளர்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்கிறது. உண்மைதான். நீதிமன்றத்தில் அரசு தன் நியாயத்தை நிறுவ அந்த 32,000 பேர் தேவைப்படுகிறார்கள். அதே 32,000 பேர் 'எங்களை நிரந்தரப்படுத்துங்கள்' என்று கல்லூரிச் சாலையில் உட்கார்ந்தால், 'நீங்கள் திட்டத்தின் ஆட்கள், அரசு ஊழியர்கள் அல்ல' என்கிறார்கள். மனுவில் ஊழியர், வாசலில் அந்நியர்.

எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா இருக்கிறார். கற்பிக்கிற வேலை. பள்ளியா, கல்லூரியா, எந்தத் திட்டம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது, அவருக்குத்தான் சிக்கல். அவர் வீட்டில் சம்பளம் வராத மாதம் எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும், சுவர் அவ்வளவு மெல்லியது. முதலில் நிற்பது பால் அல்ல. நாமெல்லாம் அப்படி நினைக்கிறோம். முதலில் நிற்பது பிள்ளையின் டியூஷன். அடுத்து, அவர் அம்மாவின் சர்க்கரை மாத்திரை தினம் இரண்டிலிருந்து ஒன்றாகிறது. வாடகைக்கு வீட்டுக்காரரிடம் பேசிவிடலாம். குழுக் கடனுக்குப் பேச முடியாது. தவணை நாளில் குழுவில் இருக்கிற மற்ற பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஏனென்றால் ஒருவர் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். கடைசியில் காதில் இருப்பது அடகுக் கடைக்குப் போகிறது. சம்பளம் பிறகு மொத்தமாக வந்தாலும் வட்டி வந்ததில்லை. அரசு கேட்பது வட்டியோடு 2,291 கோடி. இவருடைய அடகு வட்டியை எந்த நீதிமன்றத்தில் கேட்பது?

இதாவது தற்செயலாக வந்த முட்டுக்கட்டை. ஆண்டுதோறும் நாள் குறித்து வருகிற ஃபர்லோ ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் மே மாதம்.

2012இல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. இன்று அவர்களில் சுமார் 12,000 பேர் மிச்சம். சம்பளம் 12,500 ஆகியிருக்கிறது. மே மாதம் பள்ளி விடுமுறை, அதனால் சம்பளமும் விடுமுறை. பதின்மூன்று ஆண்டு வேலை பார்த்த ஒருவருக்கு பன்னிரண்டு, பதின்மூன்று மாதச் சம்பளம் இப்படியே போயிருக்கிறது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. 181ஆவது வாக்குறுதியாக இவர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்றது. '181' என்பது இப்போது அவர்களுடைய முழக்கமாகவே ஆகிவிட்டது.

அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் பதினொரு மாதம்தான். மாதம் 25,000. பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. 'கௌரவம்' என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவை உணர்வைப் பாராட்ட வேண்டும். ஆய்வை முடித்தால் எனக்குக் காத்திருக்கும் வேலையும் அநேகமாக அதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் தன்னலத்தோடும் பேசுகிறேன்.

மே மாதத்தில் அந்த அக்கா தி.நகரில் ஒரு துணிக்கடையில் நிற்பார். பள்ளி திறப்பதற்கு முந்தைய வியாபாரம், கூடுதல் ஆட்கள் தேவைப்படும் நேரம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே போட்டிருக்கிறது. ஒரு மாத ஆளுக்கு அதெல்லாம் யார் பார்ப்பது. இரண்டு வருடத்துக்கு முன் அவரிடம் படிக்கிற ஒரு பெண் தன் அம்மாவோடு அந்தக் கடைக்கு வந்துவிட்டாள். "நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "தெரிஞ்சவங்க கடைம்மா, சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த துணியை மடித்து வைக்காமல் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். இதே மயிலாப்பூர்தான்.

என் அப்பா மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளர். பர்மனென்ட். காலை ஆறு மணிக்கு மஸ்டர், அதற்குள் டிவிஷன் அலுவலகத்தில் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் என்கிற தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. சென்னையில் குப்பைத் தனியார்மயம் ராயபுரத்தில் தொடங்கவில்லை தோழர்களே, நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தென்சென்னைப் பக்கத்தில்தான் தொடங்கியது. பிறகு 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா. 2012இல் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களுக்கு ராம்கி. 2020இல் இந்த மூன்றோடு வளசரவாக்கம், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூரையும் சேர்த்து அர்பேசர் சுமீத். மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்தில் வருகிறது, தி.நகர் பெரும்பகுதி கோடம்பாக்கத்தில். இந்தத் தெருக்களில் கால் நூற்றாண்டாக வண்டியின் நிறம் மாறியது, சட்டையின் நிறம் மாறியது, நிறுவனத்தின் பெயர் மாறியது. வண்டிக்குப் பின்னால் ஓடுகிறவர்களின் சாதி மட்டும் மாறவில்லை.

தனியார் வந்தபோது நிரந்தரப் பணியாளர்களை வேறு மண்டலங்களுக்கு மாற்றினார்கள். அப்பா வடசென்னைப் பக்கம் போனார். தூரம் கூடியது, தூக்கம் குறைந்தது. ஆனால் வேலை போகவில்லை, சம்பளம் ஒரு மாதமும் நிற்கவில்லை. வெள்ளம் வந்தாலும், ஆட்சி கவிழ்ந்தாலும், மாநகராட்சி மன்றமே இல்லாத ஆண்டுகளிலும் மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளச் சான்றிதழை வைத்துத்தான் என் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினார். இன்று ஓய்வூதியம் வாங்குகிறார். 2003 ஏப்ரல் 1க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம்.

இதை ஏன் சொல்கிறேன்? இந்த ஆகஸ்ட் மாதம் ரிப்பன் மாளிகை வாசலில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள், உங்களில் சிலர் அங்கேயே இருந்தீர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாருக்குப் போயின. என்.யு.எல்.எம். திட்டத்தின் வழியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த சுமார் 2,000 பேர், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் வாசலில் உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ 23,000 வாங்கிக்கொண்டிருந்தவர்கள், தனியாரிடம் போனால் அது 16,000 அளவுக்கு இறங்கிவிடும் என்று பயந்தார்கள். 'யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லையே, நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்' என்றது மாநகராட்சி. இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று தமிழ்நாட்டில் 1981இலேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பக்கம் யாரும் திரும்பவில்லை. 13 நாட்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி போலீஸ் அவர்களை அகற்றியது. மறுநாள் காலை உணவு, வீடு, கடன் மானியம் என்று அமைச்சரவை நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது எதுவும் அதில் இல்லை.

அப்போது நம் தரப்பிலேயே ஒரு கேள்வி எழுந்தது. பணி நிரந்தரம் கேட்பது, குப்பை அள்ளும் வேலையை நம் தலையில் நிரந்தரமாக்குவது ஆகாதா? அண்ணன் திருமாவளவனே இதை எழுப்பினார். கேள்வியைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம். இந்தத் தொழிலிலிருந்து நம் மக்கள் வெளியேற வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் என் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நாங்கள் வெளியேறிய வழியே அந்தப் பணி நிரந்தரம்தான். அப்பாவின் வேலை நிரந்தரமாக இருந்ததால்தான் அது எங்களுக்கு நிரந்தரமாகவில்லை. அவரோடு ஒரே தெருவில் ஒரே வேலையை ஒப்பந்தத்தில் பார்த்தவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று பேட்டரி வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு என்னைவிடப் புத்தி குறைவில்லை. அவர்களில் ஒருவன் எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒன்று இருக்கிறது. அப்பா துடைப்பம் பிடித்தார், நிரந்தர ஊழியர். அவர் தலைமுறையின் பிள்ளைகள் பி.எட்., எம்.ஃபில். முடித்தார்கள், தொகுப்பூதியம். படிப்பில் மேலே ஏறி, பாதுகாப்பில் கீழே இறங்கியிருக்கிறோம். மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்று என் அப்பா யோசித்ததே இல்லை. முனைவர் பட்ட ஆய்வாளரான நான் யோசித்திருக்கிறேன். ஒருமுறை என் ஆய்வு உதவித்தொகை எட்டு மாதம் வரவில்லை. எங்கிருந்து வர வேண்டியது என்பது இங்கே வேண்டாம். அந்த எட்டு மாதமும் ஆராய்ச்சி மாணவரின் அறை வாடகையைக் கட்டியது ஒரு துப்புரவுப் பணியாளரின் ஓய்வூதியம்.

இது தானாக நடக்கவில்லை. 2001இல் ஆட்சேர்ப்புக்குத் தடை வந்தது. 2003 ஜூலையில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எஸ்மா சட்டத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று சொன்னது. அதில் பெரும்பாலானவர்கள் திரும்ப வந்துவிட்டார்கள். காரணம் எளிது, அவர்களுக்குத் திரும்பி வருவதற்கு ஒரு பணியிடம் இருந்தது. அந்தப் பணியிடங்களை ஒவ்வொன்றாகக் காலிசெய்வதுதான் அதற்குப் பிறகு நடந்த வேலை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தின்போது மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுப்போம் என்று அன்றைய அ.தி.மு.க. அரசு மிரட்டியது. இன்றைய ஆட்சியில் 2022 அக்டோபரில் மாநகராட்சிகளுக்கான அரசாணை 152 வந்தது. பல பணியிடங்களை வெளிமுகமைக்கு மாற்றியது. கொடி மாறியது, கோப்பு அதேதான்.

வெளிமுகமை என்று ஆனவுடன் என்ன போகிறது? 69 விழுக்காடு போகிறது. 1993இல் சட்டம் இயற்றி, 1994இல் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்துக் காப்பாற்றினோமே, அது பணியிடத்துக்குத்தான் பொருந்தும். ஒப்பந்ததாரர் கூட்டிவரும் ஆட்களுக்குப் பொருந்தாது. அட்டவணைச் சாதிகளுக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3 என்றெல்லாம் விழுக்காட்டுக்காகச் சண்டை போடுகிறோம். விழுக்காடு எதன்மேல் கணக்கிடப்படுகிறதோ அந்த எண்ணிக்கையே சுருங்கிக்கொண்டிருக்கிறது. குப்பை வண்டியில் மட்டும், யாரும் சட்டம் போடாமலேயே, நமக்கு நூற்றுக்கு நூறு கிடைத்துவிடுகிறது.

1938 நவம்பர் 7 அன்று பம்பாயில், தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக வேலை செய்ய வைப்பது அடிமைத்தனம் என்பது சட்டமன்றத்தில் அம்பேத்கர் வைத்த வாதம். இன்று அதன் மறுபக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் வேலையை நிறுத்தினால் எஸ்மா. அரசு வேலையையோ சம்பளத்தையோ நிறுத்தினால் அது 'நிதி நெருக்கடி', 'கோடை விடுமுறை', 'நிர்வாகக் காரணம்'. நிறுத்தும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கிறது. 'அத்தியாவசியம்' என்ற சொல்லையும் அப்படித்தான் பார்க்கிறேன். 2015 வெள்ளத்தில் சென்னையைச் சுத்தம் செய்ய வெளிமாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களையும், கொரோனாவில் மாலை போடப்பட்டவர்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். அத்தியாவசியமானது வேலை, ஆள் அல்ல.

சட்டத்தில் கொஞ்சம் வெளிச்சமும் வந்திருக்கிறது. 2006 உமாதேவி தீர்ப்பைக் காட்டித்தான் இத்தனை ஆண்டும் நிரந்தரம் மறுக்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், ஒன்றிய அரசு அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் துப்புரவு வேலை பார்த்தவர்களை நிரந்தரப்படுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றம், அரசுகள் உமாதேவி தீர்ப்பைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்றது. வழக்கு நடத்தப் பணமும் ஆண்டுகளும் இருப்பவர்களுக்கு அது பயன்படும்.

நான் கேட்பது இரண்டுதான். தில்லியோடு அடுத்த மோதல் வரும், வர வேண்டும். அதற்கு முன் இந்தத் திட்டப் பணியாளர்களை மாநிலக் கணக்குக்கு மாற்றுங்கள். நிதி வரவில்லை என்றால் கட்டடம் நிற்கட்டும், விளம்பரம் நிற்கட்டும், சம்பளம் நிற்கக் கூடாது. பணம் எங்கே என்று கேட்பார்கள். அதே 2024இல் ஒன்றிய அரசின் பங்கு வராமலேயே திட்டத்தை நடத்துகிறோம் என்று பெருமையாகச் சொன்னீர்களே, அந்தப் பணம்தான். நடத்த முடியும் என்றால் நிரந்தரப்படுத்தவும் முடியும். மாநில சுயாட்சி என்பது கோட்டையில் கொடி ஏற்றுவது மட்டுமல்ல, சொந்த ஊழியரை 'என் ஊழியர்' என்று ஒப்புக்கொள்வதும்தான்.

இரண்டாவது கேள்வி நிரந்தர ஊழியர் சங்கங்களுக்கு. பழைய ஓய்வூதியம் கேட்கிறீர்கள், நியாயம், நாங்களும் வருகிறோம். உங்கள் அலுவலகத்தில் உங்கள் மேசையைத் துடைக்கிற பெண்ணுக்கு ஓய்வூதியமே கிடையாது. உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார்? நான் பார்த்த பட்டியல்களில் ஒப்பந்தப் பணியாளர் பற்றிய வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பேச்சுவார்த்தையில் முதலில் உதிர்வதும் அந்த வரிதான்.

அந்த அக்காவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். "ஃபோட்டோ எடுப்பாங்களா?" என்று கேட்டார். எடுப்பார்கள் என்றேன். "அப்ப வேணாம்பா, நீ பேசு. மே மாசத்தப் பத்தி மறக்காம சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள் தோழர்களே, எட்டரை மணிக்கு இந்த அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.